ஒன்பது சாரி

பரவாயில்லை தம்பி, உட்காருங்கள். செருப்புப் போட்டிருந்த கால்தான், வலிக்கவில்லை. பையை ஏன் மடியில் வைத்திருக்கிறீர்கள், கீழே இடம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் கேட்காதீர்கள், நான் தர முடியாது. கிலோமீட்டர் கல் தெரிய வேண்டும் எனக்கு.

இன்றைக்கு இது மூன்றாவது சாரி. தப்பாக நினைக்காதீர்கள், எண்ணுவது என் பழக்கம். காலையில் பால்காரர் ஒன்று, பஸ் ஏறும்போது முழங்கையால் இடித்த அம்மாள் ஒன்று, நீங்கள் மூன்று. சொல்ல வேண்டிய ஆள் மட்டும் இன்றைக்குச் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குப் போன் வந்தது, ஒரு நிமிஷம் நாற்பது விநாடி பேசினாள், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த பஸ்ஸில் இருக்கிறேன்.

மணி என்ன உங்கள் வாட்சில்? பதினொன்று முப்பத்திரண்டா? என்னுடையதில் முப்பத்தொன்றரை. சரி, பக்கம்தான்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வண்டி. இரண்டு நிமிஷம் நிற்கும். என் தங்கச்சி அதில் ஏறுகிறாள். மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூருக்குப் போகிறாள். கோவில்பட்டி வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்தாயிற்று. இனி எப்போது வருவாளோ. இந்த பஸ் கழுகுமலையில் பதினொன்று பத்துக்குக் கிளம்பியது. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அங்கே. ஸ்டேஷனுக்கு நடக்கப் பதினைந்து நிமிஷம். பன்னிரண்டு பத்து. பதினைந்து நிமிஷம் கையில் இருக்கிறது. போதும். ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்குக் கேட்க வேண்டும்.

கழுகுமலை பஸ் ஸ்டாண்டில் முப்பத்து நான்கு வருஷம் டைம்கீப்பராக இருந்தேன். படிப்பு எட்டாவது. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, எழுத வேண்டும். நேரமானால் விசில் ஊத வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கும், 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று. முப்பத்து நான்கு வருஷம் அதன் அடியில் உட்கார்ந்திருந்தேன், யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை. வருந்துகிறோம் என்கிற சொல் பலகைக்கு ஆனது. வீட்டில் யாராவது 'நான் வருந்துகிறேன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறது. அது பெரிய சொல். அதைச் சொன்னால் காலில் விழவும் வேண்டும். கூடப் பிறந்தவளிடம் போய் அதை யார் எதிர்பார்ப்பார்கள்? நான் எதிர்பார்க்கவில்லை. 'தப்பு என்மேலதான்' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அது சரியான அளவு. அதில் யார் செய்தது என்று இருக்கிறது, செய்தது என்ன என்றும் இருக்கிறது. சாரியில் என்ன இருக்கிறது? நீங்கள் என் காலை மிதித்தீர்கள், சாரி என்றீர்கள். சரிதான். கால் மிதிக்கு அது போதும். அந்தக் காலத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், வாயே திறக்க மாட்டோம். அதற்குப் பதிலாக இது. நான் குறை சொல்லவில்லை.

ஆனால் என் தங்கச்சி புருஷன் இறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தார். நல்ல மனுஷர், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. 'சாரிம்மா' என்றார். அவ்வளவுதான். தங்கச்சி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். காலை மிதித்ததற்கும் அதே சொல், தாலி போனதற்கும் அதே சொல் என்றால் அதை எந்தத் தராசில் நிறுப்பது? நான் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அது வரைக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லுக்கு எதிரே ஐந்து தமிழ்ச் சொல் போட்டிருந்தது. ஐந்தையும் எழுதிக்கொண்டு வந்தேன். இதோ, இந்த நோட்டில்தான் இருக்கிறது. ஐந்தில் ஒன்றுகூட என் தங்கச்சி எனக்குச் சொல்ல வேண்டியது இல்லை.

இருங்கள், ஏன் நிற்கிறது? இது ஸ்டாப்பிங்கே இல்லையே. யாரோ கை காட்டியிருக்கிறார்கள். ஏறுகிறார் பாருங்கள், நடந்து வந்து ஏறுகிறார், ஓடிக்கூட வரவில்லை. நாற்பது விநாடி.

தங்கச்சி பெயர் உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவோம். என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளுக்கு ஒரே மகள், இந்துமதி. அப்பா இல்லாத பெண். அப்படியென்றால் கல்யாணத்தில் எல்லாம் யார்? தாய்மாமன். மணவறைக்குப் பெண்ணைக் கூட்டிப்போகும் முன்னால் மாமன் மாலை போட வேண்டும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். அது என் வேலை. அவள் பிறந்த அன்றைக்கே என் பெயரில் எழுதப்பட்ட வேலை. போன வருஷம் ஆவணியில் கல்யாணம், பதினான்கு மாதம் ஆகிறது. கோவில்பட்டியில் மண்டபம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை.

என் வீட்டுக்காரி முதல் நாளே போய்விட்டாள். 'வாங்களேன், ஒரு ராத்திரிதானே' என்றாள். எனக்கு மண்டபத்தில் தூக்கம் வராது, நாலு பேருக்கு முன்னால் வேட்டி மாற்றக்கூட எனக்குக் கூச்சம். தவிர, மாலை காலையில் கட்டினால்தான் பூ வாடாமல் இருக்கும். ஐந்தரைக்கு மாலையை வாங்கினேன். ஐந்து ஐம்பது பஸ். நாற்பத்தைந்து நிமிஷம், நடை பதினொன்று, ஆறு நாற்பத்தாறுக்கு மண்டபத்து வாசல். கணக்கில் ஒரு ஓட்டையும் கிடையாது.

பஸ் கிளம்பவில்லை. எனக்குப் பிறகு அந்தக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர் மாசானமுத்து என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும். விசிலை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். 'என்ன மாசானம், நேரம் ஆச்சே' என்றேன். 'ஒரு பொம்பளப்பிள்ள போன் பண்ணுச்சு அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம். வந்துக்கிட்டு இருக்கு. இத விட்டா ஏழு மணிக்குத்தான் அடுத்த வண்டி' என்றார். ஒன்பது நிமிஷம்! அந்தப் பெண் வந்து ஏறியதும் என்ன சொன்னாள் தெரியுமா? பஸ்ஸில் எல்லாரையும் பார்த்து 'சாரி, சாரி' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நடுவழியில் டயர் பஞ்சர், அது ஒரு முப்பத்தாறு நிமிஷம். டயருக்கு யாரும் பொறுப்பில்லை, விடுங்கள்.

நான் மண்டபத்து வாசலில் மாலைக் கூடையோடு நிற்கும்போது ஏழு முப்பத்தொன்று. மாலை போட்டது ஏழு இருபது. துரைப்பாண்டி போட்டிருக்கிறான். என் சித்தப்பா மகன். முறை சரிதான், அவனும் மாமன்தான். தாலி கட்டியது ஏழு இருபத்தாறு. எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த ஒன்பது நிமிஷம் இல்லையென்றால் ஏழு இருபத்திரண்டுக்கு நான் வாசலில். தாலிக்கு இன்னும் நான்கு நிமிஷம். ஒரு மாலை போட நான்கு நிமிஷம் போதாதா, நீங்களே சொல்லுங்கள்.

போனா? அடித்திருக்கிறாள், அடித்திருக்கிறாள். நான்கு தடவை. போன் பையில், பை மாலைக் கூடைக்கு அடியில். கேட்கவில்லை. அது வேறு விஷயம்.

உலகு ஓடி வந்தாள். 'ஏழரைக்கு மேல ராகுன்னு ஐயரு பதறுதாருண்ணே. நீ எங்க இருக்கன்னே தெரியல. சாரிண்ணே' என்றாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சாரி. நான் திரும்பியபோது பின்னாலிருந்து இன்னொன்று. மூன்று. கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

கோபம் மாலைக்கு இல்லை தம்பி. அதை நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். நேரம் என்றால் நேரம்தான், முகூர்த்தம் எனக்காக நிற்காது. அந்தச் சொல்லுக்குத்தான் கோபம். பஸ்ஸில் அந்தப் பெண் சொன்ன அதே சொல், ஒன்றரை மணி நேரம் கழித்து என் கூடப் பிறந்தவள் வாயிலும். நான் யார், கால் மிதிபட்ட ஆளா?

என்ன? கண்டக்டர் என்ன சொல்கிறார்? கொஞ்சம் கேளுங்கள். 'பாலத்து வேல நடக்கு, வடக்க சுத்தி ரயில்வே கேட்டு வழியாத்தான் போவும்' என்கிறாரா? எத்தனை நிமிஷம் கூட? கண்டக்டரே, எத்தனை நிமிஷம்?

பார்த்தீர்களா, எப்படிப் பேசுகிறார். 'கேட்டு தெறந்திருந்தா பதினஞ்சு நிமிசம் அண்ணாச்சி, மூடிருந்தா முருகன் விட்ட வழி. உங்க காலத்துல ரெண்டு நிமிசம் பிந்துனா ஊரே கேக்க விசில் ஊதுவிய. இப்ப ரோட்டையே காணோம், யாரப் பாத்து ஊதப் போறிய?' முன் சீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இவர் கிளீனராக இருந்தபோதே எனக்குத் தெரியும், அப்போதும் வாய் இப்படித்தான்.

பதினொன்று ஐம்பது. ஐம்பத்தைந்தோடு பதினைந்து கூட்டினால் பன்னிரண்டு பத்து. நடை. பன்னிரண்டு இருபத்தைந்து. ஒன்றும் மிச்சமில்லை. ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம் கிடைக்கும். ஆட்டோ பிடிக்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆம், சாரி. அப்புறம் போனில் ஐந்து. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, நடுவில் மூன்று. எடுப்பேன். 'அண்ணே, சாரிண்ணே' என்று ஆரம்பிப்பாள். நான் வைத்துவிடுவேன். பெரியம்மா செத்த வீட்டில் நேரில் ஒன்று, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள். டம்ளரை வாங்கினேன், சொல்லை வாங்கவில்லை. மூன்றும் ஐந்தும் ஒன்றும் ஒன்பது. இந்துமதி ஒரு தடவை, 'மாமா, அம்மா சாரி சொல்லச் சொன்னாங்க' என்றாள். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேர்க்கவில்லை. ஆள் மூலமாக வந்தது.

என் வீட்டுக்காரிக்குப் பொறுக்காது. 'ஒம்பது சாரிய வாங்கி நோட்டுல அடுக்கி வச்சிருக்கியளே, அதுல ஒண்ணுகூடவா செல்லாது?' என்பாள். 'உங்களுக்கு என்னதான் வேணும், அதையாவது அவகிட்டச் சொல்லித் தொலைங்களேன்' என்பாள். சொல்லிக் கேட்டு வாங்குவதா? 'நீ வராமலே மாலை போட விட்டது தப்புதாண்ணே.' இவ்வளவுதான். ஆறு சொல். இதைக் கேட்டு வாங்க எனக்கு நாக்கு வராது தம்பி. அவளுக்கே தோன்ற வேண்டும்.

தோன்றக்கூடியவள்தான். கெட்டிக்காரி. எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்தது அவள் ஒருத்திதான். வாத்தியார் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள். எண்பத்து நான்காம் வருஷம் பயிற்சிக்குத் திருநெல்வேலியில் இன்டர்வியூ, பத்து மணிக்கு. ஆறு பத்து பஸ்ஸில் போக வேண்டும். அன்றைக்குக் காலையில் அம்மாவுக்கு மூச்சு இரைப்பு, வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். கரும்புச்சாறு கடைத் திருப்பத்தில் அவள் வருவது தெரிகிறது. கையில் ஃபைல். இன்னொரு கையைத் தூக்கிக் காட்டுகிறாள். நூறு அடி இருக்கும். வாட்சைப் பார்த்தேன். ஆறு பத்து. ஊதினேன்.

வேறு என்ன செய்வது? தங்கச்சி என்று நிறுத்தினால் நாளைக்கு மாமன், மச்சான். அவளும் புரிந்துகொண்டாள். கத்தவில்லை, ஓடவில்லை, அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அடுத்த வண்டி ஏழு ஐந்து. பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள், கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் கல்யாணம் பேசி முடித்தோம். நல்ல மாப்பிள்ளைதான், பெட்டிக்கடை வைத்திருந்தார். எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல் சோறு போட்டாள், வழக்கம்போல் மோர் ஊற்றினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பேர்ப்பட்ட பொறுமைக்காரி. அந்த மாதம் பஸ் முதலாளி எல்லாருக்கும் முன்னால் சொன்னார், 'கூடப்பொறந்தவளுக்குக்கூட நிறுத்தாத மனுசன்யா' என்று. இந்த வாட்ச் அவர் கொடுத்தது. நாற்பது வருஷமாக ஓடுகிறது.

நான் என்ன சொன்னேனா? யாரிடம், அவளிடமா? ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும்? மணி ஆறு பத்து. தம்பி, நீங்கள் கேட்பது எனக்குப் புரியவில்லை. இது வேலை. அது வேறு, மாலை வேறு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் என்ன உத்தியோகம்? இன்ஷூரன்ஸா? அதனால்தான்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு ஒன்பது. எங்கே இருக்கிறோம், ஒரு கல்லும் காணோம் இந்த ரோட்டில். கம்பங்காடாக இருக்கிறது. டிரைவர் ஏன் ஆட்டுக்கெல்லாம் நிற்கிறார்?

காலையில் அவள் பேசியதை முழுக்கச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள். 'அண்ணே, இன்னைக்குக் கெளம்புதேன். பன்னெண்டு இருவத்தஞ்சு வண்டி. எஞ்சின்ல இருந்து எட்டாவது பெட்டியாம். சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கு, மழைக்கு ஒழுகுனா மட்டும் ஒரு எட்டு பாத்துக்கிடு. மதினிகிட்டச் சொல்லு. மருந்த நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்தப் பத்தி ஒனக்கு நான் என்ன சொல்ல' என்று சிரித்தாள். வைத்துவிட்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். பதினான்கு மாதத்தில் சாரி இல்லாமல் அவள் பேசியது இதுதான் முதல் தடவை. நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள்? ஒன்பதோடு போதும் என்று யார் சொன்னது? பிடிக்காத சொல்தான், ஆனாலும் வந்துகொண்டிருந்தது இல்லையா? அது வருகிற வரைக்கும் அவள் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். என் வீட்டுக்காரி புளிச்சோறு கட்டிக் கையில் கொடுத்தாள். 'ஓடுங்க' என்றாள். இதோ இந்தப் பைதான். இன்னும் சூடு இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்.

கேட். மூடியிருக்கிறதா? எழுந்து பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, எனக்கு மறைக்கிறது. மூடித்தான் இருக்கிறது. நாம்தான் முதல் வண்டி. எந்த ரயிலுக்கு மூடியிருக்கிறார்கள்? மணி? பன்னிரண்டு இருபத்தாறு. ஐயோ. நாம் வடக்கே அல்லவா சுற்றி வந்திருக்கிறோம்? அவள் வண்டி வடக்கேதான் போகும். அவள் வண்டிக்குத்தான் மூடியிருக்கிறார்கள்.

கண்டக்டர் திரும்பி என்னைப் பார்க்கிறார். இப்போது சிரிக்கவில்லை.

போன். போன் அடிக்கிறது. பச்சைப் பொத்தான்தானே? ஹலோ. உலகு. ஆமா. ஆமா. இல்ல உலகு, வந்தேன், வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஸ்டேஷன் பூராவும் தேடுனியா? பஸ்ஸச் சுத்தி விட்டுட்டான். கேட்ல நிக்கேன். வடக்குக் கேட்டு. நீ வாசலுக்கு வா. எந்தப் பக்கமா? மேக்க. மேற்கு வாசலுக்கு வா. பிடிச்சிக்கிட்டு நில்லு, விழுந்துறாத. ஹலோ. ஹலோ?

தம்பி, இந்தப் பையைப் பிடியுங்கள். சத்தம் வருகிறது. தலையை வெளியே நீட்டினால் கண்டக்டர் திட்டுவாரா? திட்டட்டும். நீங்களும் எண்ணுங்கள், எஞ்சினை விட்டுவிட்டு. ஒன்று. இரண்டு. மூன்று, இது பொதுப்பெட்டி. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.

உலகு! ஏ உலகு!

போய்விட்டது.

பார்த்தீர்களா? பச்சைச் சேலை. நின்றாள் இல்லையா? கையைத் தூக்கினாள். அதே மாதிரி, அதே கை. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையைத் தூக்கி... பதினெட்டு, பத்தொன்பது. இருபது பெட்டி. அவ்வளவுதான். கேட்டைத் திறக்கிறார்கள்.

எல்லாரும் ஏன் என்னைப் பார்க்கிறார்கள்? நான் என்னவோ கத்தினேன் அல்லவா? என்ன கத்தினேன்? பெயரைச் சொன்னது தெரியும், அதற்குப் பிறகு. சாரியா? நானா? இரண்டு தடவையா? நன்றாகக் கேட்டீர்களா தம்பி? இல்லை, நான் வைத்திருந்தது வேறு. நான் வந்தது வேறு ஒன்றைக் கேட்க. என் வாயிலிருந்து இது எப்படி... அவளுக்குக் கேட்டிருக்குமா? ரயில் சத்தத்தில் எங்கே கேட்டிருக்கப் போகிறது.

மறுபடியும் அடிக்கிறது. நீங்கள் எடுக்கிறீர்களா? வேண்டாம், கொடுங்கள்.

ஹலோ. ஆமா உலகு, நான்தான். பாத்தேன். பாத்தேன், பச்சைச் சேல. கேட்டுச்சா?

எதுக்கா?

...ஆறு பத்துக்கு.

தம்பி, ஒன்றும் பேச மாட்டேன் என்கிறாள். வைக்கவில்லை, லைனில்தான் இருக்கிறாள். வண்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது.